மூன்று பானைப் படம்

போலீஸ்காரர்களைக் கண்டால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். யுத்த காலத்தில் அரிசிக்குக் கட்டுப்பாடு இருந்தபோது, தண்டையார்பேட்டையில் எங்கள் அப்பாவின் மளிகைக் கடைக்குச் சோதனை போட வருவார்கள். மூட்டைகளில் குத்தூசியைச் செருகிச் செருகி எடுத்துப் பார்ப்பார்கள். அப்பா ஒரு குற்றமும் செய்தவரில்லை. தெற்கிலிருந்து வந்து கடை போட்டவர், யார் அதட்டினாலும் "சரிங்க ஐயா" என்று எழுந்து நிற்பவர். அவர்கள் போன பிறகும் வெகுநேரம் அவர் கை நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த நடுக்கம் எனக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. நான் செய்த காரியத்துக்கு இதைத் தவிர வேறு சமாதானம் என்னிடம் இல்லை என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

ஆசிரியைப் பயிற்சி முடித்ததும் கொருக்குப்பேட்டையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. எட்டாம் வகுப்பு வரை உண்டு. தகரக் கூரை போட்ட இரண்டு நீளக் கொட்டகைகள், அவற்றுக்குப் பின்னால் ரயில்வே கூட்ஸ் யார்டு. எஞ்சின் வந்தால் பாடத்தை அப்படியே நிறுத்திவிட்டு, அது பெருமூச்சு விட்டு முடிக்கிறவரை சும்மா நிற்க வேண்டும். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு போனால் சாயங்காலம் சாம்பல் நிறத்தில் திரும்பி வருவேன். பிள்ளைகள் என்னை "நீ" என்றுதான் பேசுவார்கள். "நீ சொல்லு டீச்சர்", "நீ அடிக்காத டீச்சர்". முதல் மாதம் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. பிறகு அதுதான் அவர்கள் மரியாதை என்று புரிந்தது.

பரீட்சைத் தாள் திருத்துவது எங்களுக்கெல்லாம் ஒரு திருவிழா. அவ்வளவு வேடிக்கையாக எழுதுவார்கள். ஒரு தொட்டிக்கு இரண்டு குழாய்கள், இரண்டையும் திறந்துவிட்டால் எத்தனை மணி நேரத்தில் தொட்டி நிரம்பும் என்று கணக்குக் கொடுத்தேன். "குழாயில் தண்ணீர் வராது, தொட்டி நிரம்பாது" என்று ஒருவன் விடை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தான். நான்கு ஆட்கள் ஆறு நாளில் வெட்டும் பள்ளத்தை எட்டு ஆட்கள் எத்தனை நாளில் வெட்டுவார்கள்? "மேஸ்திரி கூட இருந்தால் மூன்று நாள். இல்லாவிட்டால் சொல்ல முடியாது." சரித்திரத் தாளில், மன்னர் இறந்த பிறகு நடந்தவற்றை எழுதுக என்றால், "தெரு முழுக்கப் பூ போட்டார்கள். மேளக்காரருக்குப் பேசினபடி கொடுக்காததால் சண்டை வந்தது" என்று இருக்கும். நாம் மூச்சில் உள்ளே இழுப்பது எது என்ற கேள்விக்கு வகுப்பில் பாதிப்பேர் "கரித்தூள்" என்று எழுதினார்கள். அதற்கு எப்படித் தப்புப் போடுவது என்று நான் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஹெட்மாஸ்டர் இந்த மாதிரி விடைகளைச் சேர்த்து வைக்க ஒரு நோட்டுப் போட்டிருந்தார். மயிலாப்பூர்ப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர், நல்ல மனிதர், கதர்தான் கட்டுவார். ஒவ்வொரு வருஷமும் ஆண்டு விழாவில் அந்த நோட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு விடைகளை மேடையில் வாசிப்பார். பெற்றவர்கள் தங்கள் பிள்ளைகள் எழுதியதையே கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பேர் சொல்ல மாட்டார். யாருடைய வகுப்பிலிருந்து அதிக விடைகள் நோட்டில் ஏறுகின்றன என்று ஆசிரியர்களுக்குள் ஒரு போட்டியே உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷமே அதில் நான்தான் முதல். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அந்த வருஷம் அரையாண்டுப் பரீட்சையில், ஏழாம் வகுப்பு விஞ்ஞானத் தாளில், கடல் நீரிலிருந்து நல்ல தண்ணீர் எடுப்பது எப்படி, படம் வரைந்து விளக்குக என்று ஒரு கேள்வி கேட்டிருந்தேன். பாடப் புத்தகத்தில் கண்ணாடிக் குடுவையும் வளைந்த குழாயும் போட்ட படம் இருந்தது. எங்கள் பள்ளியில் குடுவையும் கிடையாது, குழாயும் கிடையாது. கரும்பலகையில் நான் வரைந்து காட்டியது பார்க்க வாத்து மாதிரி இருந்தது. பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அந்த வாத்தையே வரைந்து வைத்திருந்தார்கள்.

ஒரு பெண் மட்டும் வேறு வரைந்திருந்தாள். பன்னிரண்டு வயது, வகுப்பில் முதல் வரிசை, எதைக் கேட்டாலும் முதலில் கை தூக்குகிறவள். அவள் படத்தில் அடுப்பின் மேல் ஒரு பெரிய பானை. அதன் மேல் இன்னொரு பானை. அதற்கு மேல் வாயகன்ற சட்டி. அடுப்பில் விறகு எரிவதுகூட அழகாக இருந்தது. பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்:

"பெரிய பானையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஊற்ற வேண்டும். முழுக்க ஊற்றினால் பொங்கிவிடும். அதன் மேல் அடியில் ஓட்டை போட்ட பானை வைத்து, அதற்குள் ஒரு கிண்ணம் வைக்க வேண்டும். மேலே பச்சைத் தண்ணீர் ஊற்றிய சட்டி வைக்க வேண்டும். சந்தில் ஈரத் துணி சுற்றிக் களிமண் பூச வேண்டும். ஷண்டிங் எஞ்சின் வந்து நிற்கும் நேரத்தில் அடுப்பு மூட்ட வேண்டும். ஆவி மேலே போய்ச் சட்டியில் பட்டுக் கிண்ணத்தில் சொட்டும். முதலில் வருவதைக் கொட்டிவிட வேண்டும், அது கண்ணுக்கு ஆகாது. சட்டித் தண்ணீர் சுட்டால் மாற்ற வேண்டும். ஆறு தண்ணீர் வரை மாற்றலாம். ஏழாவது தண்ணீர் மாற்றினால் சப்பென்று ஆகிவிடும், யாரும் வாங்க மாட்டார்கள்."

நான் அரை மணி நேரம் சிரித்தேன். யார்டில் பெட்டிகளை இழுத்து மாற்றுகிற ஷண்டிங் எஞ்சினுக்கும் கடல் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்? கடல் தண்ணீரைக் காய்ச்சி யாரிடம் விற்கப் போகிறாள்? ஐந்துக்கு ஒரு மதிப்பெண் போட்டு, "இது என்ன சமையலா?" என்று சிவப்பு மையில் எழுதினேன். மத்தியானம் சாப்பாட்டு வேளையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஹெட்மாஸ்டருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. படம் அவ்வளவு நன்றாக இருப்பதால் அந்தப் பக்கத்தையே கிழித்து நோட்டில் ஒட்டச் சொன்னார். நான்தான் பேர் இருந்த மூலையைக் கத்தரித்துவிட்டு ஒட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து, ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, வாசிக்க வேண்டிய விடைகளுக்கு அடையாளம் வைக்கும் வேலையை ஹெட்மாஸ்டர் என்னிடம் கொடுத்தார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்து ஆயா பெருக்கிக்கொண்டே வந்தவள், என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"இன்னா டீச்சர், சாராயப் பானைய யாரு வரைஞ்சது?" என்றாள்.

"எது சாராயப் பானை?"

"இதோ கீதே. இம்மாங் கரீட்டா வரைஞ்சிகீது, நீ ஏன் செவப்புல கிறுக்கி வச்சிகீற?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் எழுதியிருந்ததை மெதுவாக வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் ஆயா தலையை ஆட்டினாள். முதலில் வருவதைக் கொட்ட வேண்டும் என்றதும், "ஆமா, கண்ணு பூடும்" என்றாள். ஆறு தண்ணீர் என்றதும், "நேர்மையான கை. எங்க பக்கம் எட்டு மாத்தி ஏமாத்துறானுங்க" என்றாள். ஷண்டிங் எஞ்சின் என்ற இடத்துக்கு மறுபடியும் போனேன். அங்கே அவள் சிரிப்பு நின்றது. துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"எஞ்சின் பொகையில இந்தப் பொகை தெரியாது. அப்போ இது ரயில் லைனோரம் வூடு டீச்சர். யாரு வூட்டுப் புள்ள?" என்று கேட்டவள், உடனே கையை நீட்டி என் வாயைப் பொத்தாத குறையாக, "வாணாம், சொல்லாத. எனக்குத் தெரிய வாணாம்" என்றாள்.

மதுவிலக்கு வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. காய்ச்சுகிறவர்களைப் பிடிக்கப் போலீஸில் தனிப் பிரிவே இருந்தது. சனிக்கிழமை விழாவுக்குத் தலைமை தாங்க ஹெட்மாஸ்டர் அழைத்திருந்தது, எங்கள் வட்டாரத்தில் அந்தப் பிரிவைக் கவனித்த இன்ஸ்பெக்டரை. கொட்டகைக்குப் புதுத் தகரம் வாங்க அவர் யாரிடமோ சொல்லி உதவியிருந்தார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக ஹெட்மாஸ்டரிடம் போனேன். அந்தப் பானை விடையை மட்டும் வேண்டாமே சார், என்றேன்.

"ஏம்மா? இந்த வருஷத்துக்கு அதுதானே முத்து! ஏழாவது தண்ணீர்னு நான் சொல்றப்ப கூட்டம் அதிரும் பாருங்க" என்றார். வீட்டில் வாசித்துப் பழகிக்கூட ஆகிவிட்டதாம்.

காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் தினமும் காலைப் பிரார்த்தனையில் குடியின் தீமையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசாமல் விட மாட்டார். சொன்னால் அவரே இன்ஸ்பெக்டரிடம் போய்விடுவாரோ என்று பயந்தேன். நோட்டை எடுத்து ஒளித்துவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவரே கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று நாலரை மணிக்கு நான் லைனோரம் போனேன். யார்டு சுவரை ஒட்டி வரிசையாகக் குடிசைகள். எந்த வீட்டில் அடுப்பு எரிந்தாலும் என் கண் அங்கேதான் போயிற்று. அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் "டீச்சர் வந்துகீது!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். குடிசைக்குள் அவள் அப்பா ஒரு பாயில் படுத்திருந்தார். துறைமுகத்தில் மூட்டை சரிந்து இடுப்பில் விழுந்து ஒன்றரை வருஷமாக அப்படித்தான் கிடந்தார். அவள் அம்மா எனக்கு உட்கார ஒரு பலகையைப் போட்டாள். பெண்ணைத் தண்ணீர் பிடிக்க அனுப்பச் சொல்லிவிட்டு, நடந்ததைச் சொன்னேன்.

"அதுல புள்ள பேரு எதுனா போட்டுகீதா?" என்றாள் அவள்.

"இல்லை. கத்தரிச்சிட்டேன்."

"போன மாசம் அடுத்த வரிசையில ஒரு பொம்பளைய இஸ்துகினு போனாங்க டீச்சர். இன்னும் வரல. புள்ளைங்க ரெண்டும் யார் யார் வூட்லயோ துண்ணுதுங்க." பாயைப் பார்த்தாள். "என்னைய இஸ்துகினு போனா இவருக்கு யாரு தண்ணி குடுப்பா?"

"பானையெல்லாம் உடைச்சுப் போட்டுடேன்" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"ஒடச்சிட்டு இன்னா துன்றது?" என்று சாதாரணமாகக் கேட்டாள். பிறகு, நான் பெண்ணைப் பற்றிப் பயப்படுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, "அத்த அடிக்க மாட்டேன் டீச்சர். நீ கேட்ட, அது தெரிஞ்சத எழுதிச்சு. நீ எப்பிடியாவது பாத்துக்க" என்றாள்.

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

சனிக்கிழமை சாயங்காலம் மைதானம் நிறைந்துவிட்டது. மணலில் பாய் விரித்து லைனோரத்து ஜனங்களெல்லாம் குழந்தை குட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். சிரித்த முகம், நல்ல உயரம். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார், நான் திருப்பிச் சொன்னேனா என்று நினைவில்லை. மேடையின் ஓரத்தில் கோலாட்டத்துக்குப் பெண்கள் குச்சியோடு தயாராக நின்றார்கள். அவளும் நின்றாள். கன்னத்தில் ரோஸ் பவுடர், தலை நிறையக் கனகாம்பரம்.

ஹெட்மாஸ்டர் நோட்டைப் பிரித்தார். தொட்டியும் குழாயும் வந்தது, ஜனங்கள் கைதட்டினார்கள். மேஸ்திரி வந்தார், ஆண்கள் பக்கத்திலிருந்து விசில் பறந்தது. மன்னர் சாவுக்கு ஒரு கிழவர் எழுந்து நின்று, "மேளக்காரன் கூலிய குடுங்கப்பா!" என்று கத்தினார். இன்ஸ்பெக்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். நான் ஹெட்மாஸ்டரின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தைத் திருப்பி, நோட்டை உயர்த்திக் கூட்டத்துக்குப் படத்தைக் காட்டினார்.

குழாயை மூடியதுபோலச் சிரிப்பு நின்றது.

அவர் கவனிக்கவில்லை. உற்சாகமாக வாசித்துக்கொண்டே போனார். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஆண்கள் மணலைப் பார்த்தார்கள். ஷண்டிங் எஞ்சின் என்றபோது ஒருவர் எழுந்து வெளியே போனார். அங்கே உட்கார்ந்திருந்த யாருக்கும் அந்தப் படம் என்னவென்று விளக்க வேண்டியிருக்கவில்லை. ஏழாவது தண்ணீருக்கு இன்ஸ்பெக்டர் ஒருவர் மட்டும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தார். அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து அடங்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கையை நீட்டி, "கொடுங்க, பார்ப்போம்" என்றார்.

நோட்டை வாங்கி முதலிலிருந்து நிதானமாகப் படித்தார். பிறகு, "யார் எழுதினது?" என்றார்.

"இவங்க வகுப்புதான்" என்று ஹெட்மாஸ்டர் என்னைக் காட்டினார்.

நான் மேடை ஓரத்தைப் பார்த்துத் தொலைத்தேன். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை பேர் நடுவில் தன்னுடைய விடையை வாசித்த சந்தோஷம் அவள் முகத்தில் வழிந்தது. ஒரு அடி முன்னால்கூட வைத்தாள்.

"அந்தப் பொண்ணு இப்ப இங்கே இல்லை சார். போன மாசமே சர்டிபிகேட் வாங்கிட்டு ஊரைவிட்டுப் போயிட்டாங்க" என்றேன். அதே மூச்சில், மேடை ஓரத்துக்குத் திரும்பி, "கோலாட்டம் ஆரம்பிங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

ஆர்மோனியம் தொடங்கியது. அவள் இன்ஸ்பெக்டர் முன்னாலேயே பத்து நிமிஷம் ஆடினாள். நோட்டு அவர் மடியில் திறந்தபடியே இருந்தது. அந்தப் பத்து நிமிஷமும் நான் குச்சிகளின் சத்தத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். போகும்போது அவர் அந்தப் பக்கத்தை நோட்டிலிருந்து பிய்த்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "திங்கக்கிழமை ஒரு கான்ஸ்டபிளை அனுப்பறேன். ரிஜிஸ்டரை எடுத்து வையுங்க. வகுப்புலயும் பசங்களை ரெண்டு வார்த்தை கேக்கணும்" என்று ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

கூட்டம் கலைந்த பிறகு ஹெட்மாஸ்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "நான் கையெழுத்துப் போடாம எந்தப் பொண்ணும்மா சர்டிபிகேட் வாங்கிட்டுப் போச்சு?" என்றார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நான் பயந்ததுபோல அவர் போலீஸுக்குப் போகிறவர் இல்லை. அவரும் என்னைப் போலவே பயந்தவர்தான்.

"நம்மைப் பொய் சொல்ல வச்சுட்டீங்களேம்மா. ரிஜிஸ்டர்ல பொய் இருக்குன்னு தெரிஞ்சா சர்க்கார் கொடுக்கற கிராண்டை நிறுத்திடுவான். அதைக்கூட விடுங்க. கான்ஸ்டபிள் வகுப்புக்கு வந்து இது யார் வரைஞ்சதுன்னு கேட்டா?"

எனக்குப் பதில் தெரியும். முதலில் கை தூக்குகிறவள் அவளாகத்தான் இருப்பாள். சந்தோஷமாகத் தூக்குவாள்.

ஹெட்மாஸ்டர் சர்டிபிகேட் புத்தகத்தை எடுத்துப் போன மாதத்துத் தேதி போட்டு எழுதினார். ரிஜிஸ்டரில் அவள் பேர்மேல் சிவப்புக் கோடு போட்டார். "கொஞ்ச நாள் போகட்டும். அடங்கினதும் மறுபடியும் சேர்த்துக்கலாம்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை போய் அவள் அம்மாவிடம் விவரம் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. லைனோரம் யாராவது நின்று என்னைக் கவனிப்பார்கள், பின்தொடர்வார்கள் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டேன். அந்த ஒரு நாளை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

திங்கட்கிழமை மணி அடிப்பதற்கு முன்பே வாசலில் போய் நின்றேன். தெருமுனையில் காக்கி தெரிகிறதா என்று ஒரு கண், லைன் பக்கம் ஒரு கண். அவள் பையை மாட்டிக்கொண்டு குதித்துக் குதித்து வந்தாள். கன்னத்தில் பவுடர் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"வீட்டுக்குப் போ" என்றேன்.

"இன்னா டீச்சர்?"

"உனக்கு இனிமே இங்கே இல்லை. போ. நின்னு பேசாதே."

அவள் நகரவில்லை. என் முகத்தையே பார்த்தாள். "தப்பா எழுதினதுக்கா டீச்சர்?"

அவளுக்கு என்ன சொல்வது? நீ எழுதியது அத்தனையும் சரி, தப்பு என்மேல்தான் என்று சொன்னால் ஏன், எப்படி என்று கேட்பாள். அதற்குள் கான்ஸ்டபிள் வந்துவிடுவான். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"இன்னொரு தபா கேளு டீச்சர். புக்குல கீற மாதிரியே வரைஞ்சிடறேன். பானை போட மாட்டேன்" என்றாள். பையிலிருந்து புத்தகத்தை எடுக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

நான் அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, லைன் பக்கம் தள்ளினேன். கொஞ்சம் பலமாகவே தள்ளிவிட்டேன்.

அன்று சாயங்காலம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினேன். கான்ஸ்டபிள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வரவில்லை. இன்ஸ்பெக்டருக்கு அதைவிடப் பெரிய வேலைகள் இருந்திருக்கும், அல்லது சட்டையைத் துவைக்கப் போடும்போது அந்தக் காகிதமும் போயிருக்கும். எனக்குத் தெரியாது. யாரும் வரவே இல்லை. பத்தாம் நாள் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, தான் எழுதிய சர்டிபிகேட்டைக் கிழித்துக் கூடையில் போட்டார். "போய்க் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார்.

அன்று சாயங்காலமே ஓட்டமும் நடையுமாகப் போனேன். அவர்கள் குடிசையில் வேறு யாரோ இருந்தார்கள். பக்கத்துக் குடிசை அம்மாளிடம் கேட்டேன்.

"அன்னிக்கே கெளம்பிட்டாங்க. டீச்சரே புள்ளைய வெளிய தள்ளிச்சின்னா போலீசு பின்னாலயே வந்துகினு கீதுன்னு தான அர்த்தம்? புருசனத் தள்ளுவண்டில போட்டுத் தள்ளிக்கினு போச்சு அது" என்றாள்.

"எங்கே போனாங்க?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ தான அந்த டீச்சரு? போலீசாண்ட படத்தக் குடுத்தவ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கதவுத் தட்டியை இழுத்து மூடினாள்.

அடுத்த வீட்டில் கேட்டேன். அதற்கடுத்த வீட்டில் கேட்டேன். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அப்போது யார்டில் ஒரு எஞ்சின் வந்து நின்று புகை விட்டுக்கொண்டிருந்தது. "டீச்சர் வர்றா" என்று ஒரு சின்னக் குரல் எனக்கு முன்னால் ஓடியது. நான் நடக்க நடக்க, எனக்கு முன்னாலிருந்த ஒவ்வொரு குடிசைக்குள்ளும் எரிகிற அடுப்பில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.